நெய்வேலி மண்ணில் பிறைக் கோடுகள்: செயற்கைக்கோள் படத்தை எப்படிப் படிப்பது?

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிக்கொண்டு, வடலூரைத் தேடுங்கள். சத்திய ஞான சபையின் எண்கோணமும் அதைச் சூழ்ந்த பெருவெளியும் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து படத்தை மேற்கே நகர்த்தினால் வயலும் முந்திரித் தோப்பும் சட்டென்று முடிந்து, பழுப்பும் சாம்பலும் வெள்ளையும் கலந்த பெரிய வெற்று நிலம் தொடங்கும். அதுதான் நெய்வேலி. கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அந்த நிலத்தில் ஒன்றையொன்று ஒட்டிய பிறை வடிவக் கோடுகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒரு பட்டை முடிந்ததும் அதன் பக்கத்திலேயே இன்னொரு பட்டை தொடங்குகிறது. வளைவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. இயற்கை இவ்வளவு ஒழுங்காக வரையாது என்று பார்த்த உடனே தோன்றிவிடும்.

இப்படி ஒரு படம் கைக்குக் கை மாறும்போது ஊகங்களும் கூடவே கிளம்பும். பழைய ஆற்றுத் தடமா, புதையுண்ட கோட்டையா, ராணுவம் எதையாவது மறைத்து வைத்திருக்கிறதா என்று கேட்பார்கள். நெய்வேலியைப் பொறுத்தவரை விடை உறுதியானது. அந்தப் பிறைகள், பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காகத் தோண்டிய மண்ணை ஒரு ராட்சத இயந்திரம் திரும்பக் கொட்டிய தடங்கள். அந்தத் தடம் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொண்டால் எந்த ஊரின் செயற்கைக்கோள் படத்தையும் பதறாமல் படிக்கலாம். அதற்கு நெய்வேலியைவிட நல்ல பாடசாலை தமிழ்நாட்டில் இல்லை.

மேல்மண் எங்கே போகிறது?

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிவந்ததிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரிப் படலம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேலிருந்த மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தன. அந்த நான்கு ஆண்டுக் காத்திருப்பே பிறைக் கோடுகளுக்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இங்கே நிலக்கரி 50 மீட்டர் முதல் 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. மேலே செம்மண், அதன் கீழே பல நிறக் களிமண், கடினமான கடலூர் மணற்கல். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். அதாவது நெய்வேலியில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி மண்ணை இடம் மாற்றுவதுதான். நிலக்கரி அதன் முடிவில் கிடைக்கும் பலன். மேலிருந்து பார்க்கும்போது நிலக்கரியின் கருமை ஒரு குறுகிய பட்டையாகவும், மண்ணின் தடங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்தும் தெரிவதற்கு இதுவே காரணம்.

தொடக்கத்தில் தோண்டிய மண்ணைப் போடக் குழிக்குள் இடம் இருக்காது. ஆகவே அதை வெளியே, தரைமட்டத்துக்கு மேல் குவித்தார்கள். சுரங்கத்தின் ஓரத்தில் தட்டையான உச்சியோடு நிற்கும் செயற்கைக் குன்றுகள் இப்படி உருவானவை. குழி பெரிதானதும் முறை மாறியது. முன்பக்கம் தோண்டிய மண்ணை, ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பின்பக்கத்துப் பள்ளத்திலேயே கொட்டி நிரப்புகிறார்கள். சுரங்கம் ஒரு பக்கம் வாய் திறந்தபடியும் மறுபக்கம் மூடியபடியும் நிலத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிறைகள் தெரிவது மூடும் பக்கத்தில்.

பிறை பிறக்கும் விதம்

தோண்டும் பக்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் நிற்கிறது. பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பு முழுக்கப் பற்கள் கொண்ட வாளிகள். பெரிய இயந்திரங்களில் ஒரு வாளி 1400 லிட்டர் கொள்ளும். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓடும் பெல்ட்டில் கொட்டுகின்றன. மணற்கல் இறுகிய இடங்களில் சக்கரம் இறங்கும் முன்பே துளையிட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிடுவார்கள். தொடக்க காலத்தில் இந்த மணற்கல்லில் மோதி வாளிப் பற்கள் வேகமாகத் தேய்ந்துபோனது பெரிய தலைவலியாக இருந்தது.

பெல்ட் அந்த மண்ணைக் குழியைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கத்தில் நிற்கும் ஸ்பிரெடருக்குக் கொடுக்கிறது. ஸ்பிரெடர் என்பது தடச்சங்கிலிகள் மேல் ஊர்ந்து செல்லும் உயரமான இயந்திரம். அதன் முன்னால் நீண்ட கை ஒன்று வானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கையின் மேல் ஒரு பெல்ட் ஓடும். அதன் நுனியிலிருந்து மண் இடைவிடாமல் கீழே விழும்.

இயந்திரம் ஓர் இடத்தில் நிற்கும்போது அந்தக் கை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் திரும்புகிறது. நுனி போகும் வழியெல்லாம் மண் விழுவதால் கீழே ஒரு வளைந்த வரப்பு எழுகிறது. கையின் நீளமே அந்த வளைவின் ஆரம். ஒரு வரப்பு போதிய உயரம் எட்டியதும் இயந்திரம் சில மீட்டர் பின்வாங்கி அடுத்த வரப்பைத் தொடங்குகிறது. முதல் வரப்புக்கு இணையாக இரண்டாவது, இரண்டாவதற்கு இணையாக மூன்றாவது என்று பெல்ட்டின் நீளம் முழுக்கப் பிறைகள் அடுக்கடுக்காக விழுகின்றன. நின்ற இடத்திலிருந்து கையை வீசி வாசல் கூட்டிவிட்டு ஓர் அடி பின்னால் வைத்து மீண்டும் கூட்டும்போது மண்ணில் துடைப்பத் தடங்கள் எப்படி விழுமோ, அதே வடிவம்தான் இதுவும்.

பெல்ட்டின் கடைசிவரை போய்ச் சேர்ந்ததும் அந்தப் பட்டை நிறைந்துவிடும். பிறகு பெல்ட் பாதையையே பக்கவாட்டில் நகர்த்தி அமைப்பார்கள். ஸ்பிரெடர் புதிய பட்டையைத் தொடங்கும். படத்தில் பட்டைகளுக்கு நடுவே தெரியும் நேர்க்கோடு, பெல்ட் முன்பு ஓடிய பாதை. நிறம் இடத்துக்கு இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு. எந்த ஆழத்திலிருந்து எடுத்த மண் எங்கே விழுந்ததோ அதற்கேற்ப ஒரு பட்டை செம்மண்ணாகவும் பக்கத்துப் பட்டை வெளிறிய களிமண்ணாகவும் இருக்கும். ஜெர்மனியின் ஹம்பாக், கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் படத்தைப் பாருங்கள். அங்கும் இதே வகைப் பிறைகள் தெரியும். ஒரே வகை இயந்திரம் எந்த நாட்டில் வேலை செய்தாலும் ஒரே வகைத் தடத்தைத்தான் விடும்.

மற்ற கோடுகள்

பிறைகளை அடையாளம் கண்டபின் பக்கத்துக் கோடுகளும் பேச ஆரம்பிக்கும். தோண்டும் பக்கத்தில் ஒன்றுக்கொன்று இணையாக நீளும் படிகள், வெவ்வேறு ஆழத்தில் இயந்திரங்கள் வெட்டி இறங்கும் தளங்கள். அவற்றின் மேல் மெல்லிய இழை போல் ஓடி, மூலைகளில் சட்டென்று திரும்பும் நேர்க்கோடுகள் பெல்ட்டுகள். லாரிப் பாதை அப்படித் திரும்பாது. அது சுற்றி வளைந்து இறங்கும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

வெளியே நிற்கும் பழைய மண்குன்றுகளின் சரிவில் மரக்கிளை போல் பிரியும் நுண்ணிய கோடுகள் தெரிந்தால், அவை வடகிழக்குப் பருவமழை அரித்த ஓடைகள். மழை நீர் மேலே பலவாகத் தொடங்கிக் கீழே ஒன்றாகச் சேரும். மனிதன் போட்ட கோடு அப்படிச் சேராது. பள்ளத்தின் அடியில் பச்சையாகவும் நீலமாகவும் தெரியும் குட்டைகள், அங்கே சேகரித்து வைத்த நீர். நெய்வேலியில் நிலக்கரிப் படலத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை ஆழ்துளைக் கிணறுகள் வழியாக இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பள்ளத்தின் அடித்தளமே பிளந்து நீர் பீறிடும். வெளியேற்றும் நீர் பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி பக்கம் போய்ச் சேருகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பும் மேலிருந்து தனியாகத் தெரியும். ஒழுங்காகப் பிரித்த பிளாக்குகள், நடுவே அகலமான சாலைகள், அடர்ந்த மரங்கள். அனல் மின் நிலையத்தின் பக்கம் வரிசையாகத் தெரியும் வட்டங்கள் குளிர்விப்புக் கோபுரங்களின் வாய்கள்.

நிழல் செய்யும் மாயம்

பலர் ஏமாறும் இடம் இது. செயற்கைக்கோள் படத்தில் குழி குன்றாகவும் குன்று குழியாகவும் தெரிவது உண்டு. நம் கண்ணுக்கு ஒளி மேலிருந்து வருவதே பழக்கம். வரைபடத்திலோ மேல்பக்கம் என்பது வடக்கு. ஒளி தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் மூளை மேடு பள்ளத்தைத் தலைகீழாகக் கணித்துவிடுகிறது.

நெய்வேலிக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரை பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, முற்பகல் பத்து, பத்தரை மணி வாக்கில் நம்மைக் கடக்கின்றன. அந்த நேரத்தில் டிசம்பர் சூரியன் தென்கிழக்கில் இருக்க, நிழல் வடமேற்கே விழும். ஜூன் சூரியன் வடகிழக்கில் இருக்க, அதே மேட்டின் நிழல் தென்மேற்கே விழும். கிழக்கு மேற்காக நீளும் ஒரே வரப்பு இரண்டு படங்களில் எதிரெதிர்ப் பக்கம் கறுத்துத் தெரியும்.

பருவமழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருப்பதால் நல்ல படங்கள் அந்த மாதங்களில் நிறையக் கிடைக்கும். ஒளி தெற்கிலிருந்து விழும் காலமும் அதுவே. பள்ளம் மேடாகத் தெரிந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒளி மேலிருந்து வருவதுபோல் அமைந்ததும் கண் தானாகத் திருந்திவிடும்.

படமே போடும் கோடுகள்

சில கோடுகள் தரையில் இருக்காது. படத்தில் மட்டும் இருக்கும். கைப்பேசியில் நாம் பார்ப்பது ஒரே நாளில் எடுத்த ஒரே படம் அல்ல. வெவ்வேறு நாட்களில் எடுத்த துண்டுகளை ஒட்டித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் நிறம் திடீரென்று மாறும். ஒரு சாலை பாதியில் அறுந்ததுபோல் நிற்கும். ஒரு பக்கம் ஏரி நிறைந்தும் மறுபக்கம் வறண்டும் தெரியும். சுரங்கம் நகர்ந்துகொண்டே இருப்பதால் நெய்வேலியில் இந்த ஒட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு துண்டில் வயலாக இருப்பது பக்கத்துத் துண்டில் குழியாகியிருக்கும்.

2009இல் உலகமே இப்படி ஏமாந்தது. கூகுள் எர்த்தில் கடலடியைக் காட்டத் தொடங்கிய புதிதில், கானரி தீவுகளுக்கு அப்பால் அட்லாண்டிக் கடலடியில் தெருக்கள் போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிந்தன. மூழ்கிப்போன அட்லாண்டிஸ் நகரம் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியது. ஒலியலை கொண்டு கடலின் ஆழத்தை அளந்த கப்பல்கள் போன பாதைகளே அந்தக் கோடுகள் என்று கூகுள் விளக்கியது. கப்பல் போன வழியில் மட்டும் அளவு துல்லியமாகவும் மற்ற இடங்களில் மங்கலாகவும் இருந்ததால் கோடு போல் தெரிந்தது.

2011இல் சீனாவின் கோபி பாலைவனத்தில், மிகப் பெரிய பரப்பில் வெள்ளைக் கோடுகள் தாறுமாறாக வளைந்து கிடப்பதைப் பலர் கண்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஹில், அவை செயற்கைக்கோள் கேமராக்களைச் சரிபார்க்கத் தரையில் வரைந்த அளவுக் கட்டங்கள் என்று விளக்கினார். அரிசோனாவிலேயே காசா கிராண்டே நகருக்கு அருகில், 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களைச் சரிபார்க்கப் போட்ட கான்கிரீட் சிலுவைக் குறிகள் இன்றும் கிடக்கின்றன.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. கார்லோ, யோகான் ஓட்டைமர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் தார் பாலைவனத்தில் ஜெய்சல்மேர் பக்கம் கூகுள் எர்த்தில் தேடிச் சில இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். 2016இல் டிரோன் பறக்கவிட்டுப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை, மரம் நடத் தோண்டிப் பலிக்காமல் போன உழவுச் சால்களாக இருந்தன. போஹா என்ற ஊர்ப்பக்கத்துச் சுழல் கோட்டு வடிவத்தை மட்டும் தனியாக எடுத்து 2021இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த முடிவைவிடப் போன வழி முக்கியம். மேலே இருந்து பார்த்தது ஊகம். தரைக்கு வந்து சோதித்த பிறகே அதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெளிந்தது.

நீங்களே சோதித்துப் பார்க்க

எந்தக் கோட்டைக் கண்டாலும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி, எவ்வளவு பெரியது? வரைபடச் செயலிகளில் தூரத்தை அளக்கும் வசதி உண்டு. நெய்வேலிப் பிறைகளின் ஒரு பட்டையைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். அகலம் பெரிதாக மாறாது. வளைவின் அளவு எங்கும் ஒன்றாக இருந்தால், சுழலும் கை ஒன்று அதை வரைந்திருக்கிறது என்று பொருள். ஆறு வரைந்த வளைவு என்றால் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும்.

இரண்டாவது, எப்போது வந்தது? கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்க முடியும். 1984 முதல் ஆண்டுக்கு ஆண்டு நிலம் மாறியதை ஓடும் படமாகக் காட்டும் வசதியும் அதில் உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன; சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் தனித்தனி வரப்பு தெரியாது. பட்டையும் குழியின் விளிம்பும் நன்றாகத் தெரியும். நம் இஸ்ரோவின் புவன் தளமும் 2009 முதல் இயங்குகிறது. பழங்காலச் சின்னம் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆண்டுதோறும் இடம் பெயரும் கோடு, இன்னும் வேலை நடக்கிறது என்று சொல்கிறது.

மூன்றாவது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து? மரம், கட்டடம், புகைபோக்கி என்று மேடு என உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடி அதன் நிழலைப் பாருங்கள். நெய்வேலியில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் நிழல் போதும். நிழல் விழும் திசை தெரிந்துவிட்டால் மேடு எது, பள்ளம் எது என்ற குழப்பம் தீரும்.

நான்காவது, அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நின்று கேட்டால் போதும். மைன்ஸில் ஷிப்டு பார்த்தவர் யாராவது ஸ்பிரெடர் எப்படித் திரும்பும் என்று கையை வீசியே காட்டிவிடுவார். செயற்கைக்கோளுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு கோட்டின் இரண்டு பக்கங்கள்

நான்காவது கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு நெய்வேலியிலேயே சான்று இருக்கிறது. இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றி, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய கால்வாய் அமைக்கும் திட்டம் நடந்தது. 2023 ஜூலை இறுதியில் வளையமாதேவி பகுதியில் எஞ்சிய தூரத்தை வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடைக்கு முன் பயிரை அழிப்பதா என்று உழவர்கள் கொதித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவு வந்தது.

மேலிருந்து பார்த்தால் அது பச்சை வயலுக்கு நடுவே புதிதாக விழுந்த ஒரு பழுப்புக் கோடு மட்டுமே. எந்த வாரத்தில் விழுந்தது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதைப் படம் சரியாகச் சொல்லும். அந்த வயல் யாருடையது, என்ன விலை கொடுத்தார்கள், அந்தக் குடும்பம் இப்போது எதை உழுகிறது என்பதைச் சொல்லாது. படத்தைப் படிக்கக் கற்றவர் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

படம் தரும் பாதியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிலம் கொடுத்த ஊர்களுக்கு அது நல்ல கருவி. நிலக்கரி எடுத்து முடித்த இடத்தை நிரப்பிச் சமன்படுத்தி மரமும் பயிரும் வளர்ப்பது சுரங்கத்தின் கடமை. நெய்வேலியில் அப்படி மீட்டெடுத்த நிலங்கள் இருக்கின்றன. ஒரு பிறைப் பட்டை எந்த ஆண்டு விழுந்தது, எந்த ஆண்டு சமமானது, எந்த ஆண்டு பச்சை பிடித்தது என்பதைப் பழைய படங்களை அடுக்கி வைத்தாலே கணக்கிடலாம். பக்கத்துக் கிராமத்தில் பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் பிள்ளையால்கூடக் கைப்பேசியை வைத்து இதைச் செய்ய முடியும்.

அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கிராம சபைக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் போங்கள். இன்ன ஆண்டு எடுத்த நிலம் இன்னும் ஏன் வெறும் மண்ணாகக் கிடக்கிறது என்று தேதியோடு, அளவோடு கேளுங்கள். பொத்தாம் பொதுவாகக் குறை சொன்னால் பொதுவான பதில்தான் வரும்; தேதியும் அளவும் வைத்துக் கேட்டால் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.